வெறும் வயிறு

இந்தப் பக்கம் வந்து உட்காருங்க சார். அந்த மூலையில் ஃபேன் சுற்றும், காற்று வராது. காலையில் வந்ததுமே கீழே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் சொன்னேன். "சொல்லிடறேங்கண்ணா"ன்னு தலையைக்கூடத் தூக்காமல் சொன்னது. என்னிடம் வேலைக்கு இருந்தால் அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

உங்க வீட்டில் யாருக்கு ஆபரேசன்? அம்மாவுக்கா. முட்டியா. சரி, சரி. எங்களுக்கு அப்புறம்தான் உங்களுக்கு. எனக்கு மகள். கனிஷ்கா. ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம். அந்தக் கதவுக்கு உள்ளே போனால் ஒரு சின்ன அறை இருக்கிறதாம், அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். கூட அவள் அம்மா இருக்கிறாள். ஒருத்தர்தான் கூட இருக்கலாமாம். அப்பன் வேண்டாமாம். அப்பன் கையெழுத்து மட்டும் வேண்டும்.

எட்டு மணிக்கு என்றார்கள். இப்போது எட்டே முக்கால். இன்னும் ஆரம்பிக்கவில்லை. குழந்தைகளைத்தான் முதலில் எடுப்பார்களாம், ஆனால் விடிகாலையில் ஒரு ஆக்சிடெண்ட் கேஸ் வந்து நடுவில் புகுந்துவிட்டது. வேறு யாராவது என்றால் நான் விட்டிருக்க மாட்டேன். ஸ்ட்ரெச்சரில் பார்த்தேன், கால் நசுங்கிக் கிடந்தான். டிப்பர் டிரைவராம். நம்ம தொழில்காரன். வாயை மூடிக்கொண்டேன்.

நான் சென்னியப்பன் சார். திருச்செங்கோடு ரோட்டில் பழைய லாரி பட்டறை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். பழைய லாரி வாங்குவேன். ஓடுகிறதை ஓட விட்டு விற்பேன், ஓடாததை உடைத்து விற்பேன். படிப்பு ஐந்தாவது. பன்னிரண்டு வயதில் கிளீனராக வண்டி ஏறினேன். அடி வாங்காத மாநிலம் கிடையாது. நாக்பூரில் இந்தி தெரியாததால் வாங்கினேன், விஜயவாடாவில் தெலுங்கு தெரிந்ததால் வாங்கினேன். அத்தனை அடியிலும் நான் படித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. எவனும் முதலில் சொல்கிறது கடைசி வார்த்தை கிடையாது. சிரிக்காதீங்க, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து என்றால் மனசுக்குள் ஆறு வைத்திருப்பான். ஃபிக்சட் ரேட் என்று போர்டு மாட்டியிருக்கிறானே, அவன் ஏழு வைத்திருப்பான். கேட்க வாய் இல்லாதவன்தான் பத்தைக் கொடுத்துவிட்டு வருவான்.

குழந்தைக்கு என்ன என்று கேட்கிறீங்களா. தூங்கும்போது மூச்சு நிற்கும் சார்.

குறட்டை என்றுதான் முதலில் நினைத்தோம். என் சத்தம்தான் அவளுக்கு வந்திருக்கிறது என்று பூங்கொடி, அதுதான் என் வீட்டுக்காரி, கேலி பேசுவாள். அப்புறம் ஒரு நாள் பக்கத்தில் படுத்துக் கவனித்தேன். குறட்டை போகிறது, போகிறது, சட்டென்று நின்றுவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் இல்லை. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வரைக்கும் எண்ணினேன் சார். அப்புறம் ஏர் பிரேக் விட்ட மாதிரி ஒரு சத்தம், மூச்சு வந்தது. அவள் தூங்கிக்கொண்டே இருக்கிறாள். நான் அடுத்ததை எண்ண ஆரம்பித்தேன். ஒன்றரை வருஷமாக இதே வேலை. இன்ஜின் சத்தத்தை வைத்தே உள்ளே எந்த ரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் பிள்ளை மூச்சு எதில் மாட்டுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

காது மூக்கு டாக்டர் நல்ல மனுஷன். பார்த்தார், படம் எடுத்தார். "மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்திருக்கு, டான்சிலும் பெருத்திருக்கு. எடுத்துட்டா நிம்மதியாத் தூங்குவா"ன்னார். அரை மணி நேர வேலையாம். தை மாதம் பன்னிரண்டாம் தேதி என்று முடிவு பண்ணி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அன்றைக்குத்தான் அந்தம்மா வந்து நடுவில் நின்றது.

மயக்க டாக்டர் சார். சுபாஷினி என்று பெயர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி. குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறார்.

"பாப்பாவுக்கு எத்தனை நாளாச் சளி?"

"சளியெல்லாம் இல்லைங்க. சும்மா மூக்கு ஒழுகுது."

"காய்ச்சல்?"

"நேத்துக் கொஞ்சம். இப்ப இல்லைங்க."

நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். முதுகில் வைத்துப் பார்த்தார். "இன்னைக்கு வேண்டாங்க. நாலு வாரம் போகட்டும்"னு குழந்தையை இறக்கி விட்டுவிட்டார். அவ்வளவுதான். பட்டறையை அடைத்துவிட்டு, இரண்டு வண்டி டெலிவரியைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, சளி பிடிக்குதுன்னுதானே ஆபரேசனே பண்ண வந்திருக்கோம். சளி போன பிற்பாடு எதுக்கு ஆபரேசன்?"

நியாயமான கேள்விதானே சார்? அந்தம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபம். மெதுவாகச் சொல்கிறார். "சளி இருக்கும்போது மயக்கம் கொடுத்தா குழந்தைக்கு மூச்சுக்குழாய் சட்டுன்னு இறுகிக்கும். பெரியவங்கன்னா சமாளிக்க நேரம் கிடைக்கும். இவங்களுக்கு அந்த நேரம் கிடையாது. சதையை எடுக்கறது அவர் வேலை. அவளைத் திரும்ப மூச்சோட உங்க கையில கொடுக்கறது என் வேலை."

"அதுக்கு நாலு வாரமா. ரெண்டு வாரத்துல முடிங்க."

"இது சந்தை இல்லைங்க."

"எல்லாமே சந்தைதாங்க டாக்டர்."

பூங்கொடி என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுக்கிறாள். நர்ஸ் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள். நான் சத்தம் போட்டது கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டதாம். ஆனாலும் அந்தம்மா அசையவில்லை. திரும்பிப் போனோம். பட்டறையில் ஒவ்வொருத்தனும் கேட்கிறான், "என்னண்ணா, ஆபரேசன் ஆச்சா?" என்று. என்னை ஒரு பொம்பளை திருப்பி அனுப்பிவிட்டது என்று நான் சொல்வேனா?

நான் விடவில்லை, பதினெட்டாம் நாளே கிளம்பிவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தம்மா முன்னால் போய் நின்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். குழந்தையை ஊதச் சொன்னார், இருமச் சொன்னார், முன்னாலும் பின்னாலும் குழாயை வைத்து ஐந்து நிமிஷம் கேட்டார். "நெஞ்சு சுத்தமா இருக்கு. அடுத்த புதன்கிழமை பண்ணிடலாம்"னார்.

பார்த்தீங்களா? நாலு வாரம் என்றவர் மூன்றரைக்கு இறங்கிவிட்டார். அன்றைக்கே தெரிந்துகொண்டேன் சார், இவரும் நம்மைப் போலத்தான், ஏற்றித்தான் சொல்கிறார் என்று.

இன்றைக்குத்தான் அந்தப் புதன்கிழமை. நேற்று மத்தியானம் போன். ஜெயராணி சிஸ்டர் என்று ஒருத்தர். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பாப்பாவுக்குச் சாப்பாடு, பால், பிஸ்கட் எதுவும் கொடுக்காதீங்க. காலைல ஆறு மணி வரைக்கும் வெறும் தண்ணி குடிக்கலாம்"னு சொன்னார். கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பூங்கொடி வாசித்தாள், அதில் ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்று இருக்கிறது. எட்டு மணி ஆபரேசனுக்கு ஆறு மணி நேரம் என்றால் ராத்திரி இரண்டு மணிதானே? சிஸ்டர் பன்னிரண்டு என்கிறார். அதாவது, சிஸ்டர் தன் பங்குக்கு இரண்டு மணி நேரம் ஏற்றிவிட்டார். சிஸ்டரே இரண்டு ஏற்றினால் டாக்டர் எத்தனை ஏற்றியிருப்பார்? காகிதம் அடித்தவன் எத்தனை ஏற்றியிருப்பான்? நான் கணக்குப் போட்டேன். ஆறு என்று எழுதியிருந்தால் அசல் மூன்று. அதுவும் சோறு தின்றால். பாலுக்கு ஒன்றரையே அதிகம்.

குழந்தை நேற்று ராத்திரி ஏழு மணிக்கு இரண்டு தோசை சாப்பிட்டதுதான் சார். காலையில் ஐந்தரைக்கு இங்கே வந்தோம். பூங்கொடி அட்மிஷன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். இவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பசிக்குது" என்கிறாள். சத்தமாகக்கூட இல்லை. ரகசியம் சொல்கிற மாதிரி. "அம்மா திட்டும், பசிக்குது" என்கிறாள்.

குல்பர்காவில் வண்டி நின்றுபோய் இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. டிரைவர் மட்டும் எங்கேயோ போய்ச் சாப்பிட்டு வருவான். வயிறு என்ன பண்ணும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி போட்ட அந்தம்மாவுக்குத் தெரியாது. என் பிள்ளை பசி என்று சொல்லி நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? அதற்கா சார் நான் இவ்வளவு சம்பாதித்தேன்?

எதிரே டீக்கடை. வேடிக்கை காட்டுகிறேன் என்று தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பன், ஒரு டம்ளர் பால். பிய்த்துப் பிய்த்துப் பாலில் தோய்த்து ஊட்டினேன். பறவைக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். அப்போது மணி ஆறேகால்.

மெதுவாக உட்காருங்க சார், ஏன் நிமிர்றீங்க. இதற்கெல்லாம் பயந்தால் ஆகுமா?

கேளுங்க. வாயைத் துண்டில் துடைத்துவிட்டுச் சொன்னேன். "கண்ணு, யார் கேட்டாலும் ஒண்ணும் சாப்பிடலைன்னு சொல்லணும். அம்மா கேட்டாலும். சொன்னா அப்பா சைக்கிள் வாங்கித் தருவேன்." அவள் என்னைப் பார்த்தாள். "கூடை வெச்சது?" என்றாள். "கூடை வெச்சது." "மணி?" "மணியும் உண்டு." "பின்னாடி பொம்மை உட்காரச் சீட்டு?" பாருங்க, ஐந்து வயசில். பேசி முடிக்காமல் விடமாட்டாள். என் ரத்தம்.

மேலே வந்ததும் சிஸ்டர் கேட்டார், "கடைசியா எப்பச் சாப்பிட்டா?" நான், "நேத்து ராத்திரி ஏழு மணிங்க" என்றேன். பொய் இல்லையே, அதுவும் சாப்பிட்டதுதானே. சிஸ்டர் குழந்தையைக் கேட்டார், "என்ன பாப்பா, காலைல ஏதாவது குடிச்சியா?" என் பக்கம்கூடத் திரும்பவில்லை சார் அவள். நேராகச் சிஸ்டர் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. பெரிய பெரிய புரோக்கர்களுக்கு அந்த முகம் வராது. சிஸ்டர் எழுதிக்கொண்டார்.

பழைய வண்டி விற்கும்போது ஓடின கிலோமீட்டரைக் கொஞ்சம் குறைத்து வைப்போம். வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். வண்டி என்ன, நின்றா போகிறது? அது மாதிரிதான் இதுவும். பார்க்கப்போனால் லேட்டானது நமக்கு நல்லதாகப் போயிற்று. ஆறேகாலிலிருந்து இப்போது இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. அசல் மூன்று என்றால், கிட்டத்தட்ட வந்துவிட்டோம்.

என்ன சார், நீங்க என்ன டாக்டரா? இல்லையே. அப்புறம் ஏன் இப்படிக் கேட்கிறீங்க? அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்வதா? சொன்னால் திரும்பவும் அனுப்பிவிடும். திரும்பவும் நான் வீட்டுக்குப் போய், அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். என்னால் முடியாது சார். ஒரு நாள் பன்னிரண்டு வரைக்கும் போய்விட்டது. நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறீங்களா பன்னிரண்டு? இப்போது எண்ணிப் பாருங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு. எவ்வளவு தூரம் என்று தெரியும்.

இருங்க, கதவு திறக்குது. டிப்பர்காரன் வெளியே வருகிறான். கால் முழுக்க மாவுக்கட்டு. பிழைத்துக்கொண்டான். அடுத்தது நாமதான்.

அதோ, அந்தம்மா. நம்ம பக்கம்தான் வருது. நீங்க பேசாதீங்க சார். கும்பிட்டுக் கேட்டுக்கறேன், நீங்க ஒரு வார்த்தை பேசாதீங்க.

"வணக்கங்க டாக்டர்."

"கனிஷ்கா அப்பாதானே. ரொம்ப நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை கேட்டுக்கறேன். பாப்பா காலைல ஏதாவது சாப்பிட்டாளா?"

"சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டேங்களே."

"பார்த்தேன். ஆனா அஞ்சு வயசுப் பிள்ளை இவ்வளவு நேரம் வெறும் வயித்தோட இருக்கா, ஒரு தடவைகூடப் பசின்னு அழலை. சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அதான் கேக்கறேன். கொடுத்திருந்தாச் சொல்லுங்க, ஒண்ணும் திட்ட மாட்டேன். மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கலாம். இன்னைக்கே பண்ணிடலாம்."

"தண்ணிதாங்க. ஆறேகாலுக்கு ரெண்டு மடக்கு. தொண்டை காஞ்சு போச்சுன்னா."

"தண்ணி மட்டுமா?"

"தண்ணி மட்டுந்தாங்க."

"பால்?"

"இல்லைங்க."

"சரி. தண்ணின்னா ரெண்டு மணி நேரம் போதும். பரவாயில்லை. பயப்படாதீங்க, நான் கூடவே இருப்பேன்."

போயிடுச்சு.

பார்த்தீங்களா சார், எப்படி முடிந்தது. முழுசாக மறைக்கவும் இல்லை, முழுசாகச் சொல்லவும் இல்லை. ஆறேகால் என்று நேரத்தை உள்ளபடி சொல்லிவிட்டேன், வாய்க்குள் ஏதோ போனது என்றும் சொல்லிவிட்டேன். நம்ம பக்கம் ஒரு படி இறங்கினோம், அவர் பக்கம் ஒரு படி இறங்கினார். ஒத்துக்கொண்டார். அதுவும் கவனித்தீங்களா, மத்தியானமே பண்ணிடலாம் என்று அவராகவே வந்தார். நாலு வாரம் என்று நின்ற ஆள். இவ்வளவு சுலபமாக இறங்குகிறார் என்றால், அந்த ஆறு மணி நேரத்தில் அவருக்கே பிடிப்பு இல்லை என்றுதானே அர்த்தம்?

நீங்க ஏன் சார் தலையைக் குனிஞ்சுக்கறீங்க. உங்க பிள்ளையா என் பிள்ளையா?

பூங்கொடி வந்துட்டா. வா, இப்படி உட்கார். உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்களா? அழுதாளா? அழலையா. கையில் என்ன, அவ சட்டையா. சரி, பையில் வை. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?

என்ன கேட்கிறாய்? திரும்பச் சொல்.

சார், கேளுங்க, இவள் என்ன சொல்கிறாள் என்றால், உள்ளே பெரிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போகிற நேரத்தில் பிள்ளை இவளிடம் சொல்லியிருக்கிறாள், "நான் சொல்லவே இல்லைன்னு அப்பாகிட்டச் சொல்லிடும்மா" என்று. "என்னத்தைச் சொல்லலை?"ன்னு இவள் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாளாம். அது ஒன்றுமில்லை பூங்கொடி. சைக்கிள் விஷயம். எங்களுக்குள்ள. நீ கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வா. வேண்டாமா. சரி, அங்கே ஜன்னல்கிட்டப் போய் உட்கார். இவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

என்ன காகிதம் சார்? நான் கையெழுத்துப் போட்டதா? இந்தாங்க, சட்டைப் பையில்தான் இருக்கு. ஒன்றை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், ஒன்று நமக்கு. கையெழுத்து வாங்குகிற எந்தக் காகிதத்தையும் நான் வாசிக்கிறதில்லை. எல்லாம் அவர்கள் தப்பித்துக்கொள்ள எழுதி வைத்தது. உங்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் வாசிங்க. மெதுவாக வாசிங்க, அவளுக்குக் கேட்க வேண்டாம்.

"மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு விழுங்கவோ இருமவோ முடியாது."

சரி.

"வயிற்றில் பாலோ உணவோ இருந்தால், அது மேலே எதுக்களித்து வந்து, மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்."

இருங்க.

இருங்க சார். நுரையீரலுக்குள்ளேயா? வயிற்றில் இருக்கிறது எப்படி நுரையீரலுக்குள் போகும்? நான் என்ன நினைத்தேன் என்றால், வாந்தி எடுத்து அவர்கள் கட்டிலை அசிங்கம் பண்ணிவிடும், அதற்காகத்தான் பட்டினி போடுகிறார்கள் என்று. சுத்தம் பண்ணுகிற வேலை மிச்சம் என்று. இன்னொரு தடவை வாசிங்க. அந்தக் கடைசி வரி.

"நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். உயிருக்கே ஆபத்து. கொடுத்திருந்தால், என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்."

இது பூங்கொடி வாசிக்கவில்லையே. ஆறு மணி நேரம் என்கிற வரியோடு நான் போதும் என்றுவிட்டேன்.

சார், மாரப்பன் என்று ஒருத்தன் இருந்தான். என்னோடு கிளீனராக ஓடினவன். டேங்கில் டியூப்பை விட்டு வாயால் உறிஞ்சி டீசல் இறக்குவோம். எல்லோரும் செய்கிறதுதான். வாயில் பட்டால் துப்பிவிடுவோம். ஒரு நாள் அவன் உறிஞ்சும்போது யாரோ ஏதோ கேலி பேச, சிரித்துவிட்டான். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. வயிற்றுக்குள் போகவில்லை. நெஞ்சுக்குள் போய்விட்டது. ஒரு மடக்குதான் சார். இருமினான். சிரித்துக்கொண்டே இருமினான். சாயங்காலம் பார்த்தால் உதடு நீலமாக இருக்கிறது, மூச்சு கொறகொற என்கிறது. ஹூப்ளி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் நாங்கள்தான் வண்டியில் போட்டு எடுத்து வந்தோம்.

அவன் முழித்துக்கொண்டிருந்தவன் சார். இருமத் தெரிந்தவன். இருபது வயசு.

இவளுக்கு ஐந்து வயசு. இரும முடியாது என்று போட்டிருக்கிறது.

பாதி பன்தான் இருக்கும். முழுசாக எங்கே சாப்பிட்டாள், கீழே கொஞ்சம் சிந்தியது. டம்ளரில் பாலும் தளும்பத் தளும்ப ஒன்றும் இல்லை, முக்கால்தான். அவன் கடையில் பாதி தண்ணீர். பன் தின்ன பிள்ளைக்கு இரண்டரை மணி நேரத்தில் செரிக்காதா? செரித்திருக்கும். மூன்று மணி நேரம் என்று வைத்தால் இன்னும் பதினைந்து இருபது நிமிஷம்தான். சார், நீங்க சொல்லுங்க, செரித்திருக்கும்தானே? ஏதாவது சொல்லுங்க.

நீங்க போய்ச் சொல்லுங்க சார். நீங்க சொன்னால் மரியாதையாகக் கேட்பார்கள். டீக்கடையில் யாரோ பார்த்தார்கள் என்று சொல்லுங்க. நான் சொன்னதாக வேண்டாம். அவள் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்க, அவளுக்குத் தெரிந்தால்...

இல்லை. வேண்டாம். நீங்க போய், அவர்கள் உங்களை யார் என்று கேட்டு, நீங்கள் விளக்கிச் சொல்லி. நேரம் இல்லை. தள்ளுங்க. நானே தட்டுகிறேன்.

சிஸ்டர். சிஸ்டர். கதவைத் திறங்க.

பூங்கொடி, நீ அங்கேயே இரு. வராதே. வந்துட்டியா, சரி, நில்லு, நீயும் கேட்டுக்க.

சிஸ்டர், சாத்தாதீங்க, காலை வெச்சிருக்கேன். டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க. தண்ணி இல்லை. பால். ஒரு டம்ளர். முழு டம்ளர். பன் ஒண்ணு, அதுவும் முழுசு, ஒண்ணும் சிந்தலை. ஆறேகாலுக்கு. நான்தான் ஊட்டினேன். பிள்ளையை நான்தான் சொல்ல வேண்டாம்னு சொல்லி வெச்சேன், அவ மேல தப்பு இல்லை. இதுல குறைச்சுச் சொல்லாதீங்க சிஸ்டர், ஒரு வாய்கூடக் குறைக்காதீங்க. எல்லாம் வயித்துல இருக்கு.

அப்புறமாத் திட்டுங்க. வாசலில் நிக்கறேன், எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. மருந்து போட்டாச்சா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. போட்டாச்சா சிஸ்டர்?

சொல்லலையே. ஒண்ணும் சொல்லாம உள்ளே போயிட்டாங்களே.

பூங்கொடி, என் சட்டையை விடு. அடிக்கணும்னா அடி. அப்படிப் பார்க்காதே.

சார், நீங்க இந்தப் பக்கம் இருந்துதானே பார்த்தீங்க. எனக்குக் கண்ணெல்லாம் மங்கிப்போச்சு. அந்தச் சிஸ்டர் நடந்து போனாங்களா, ஓடினாங்களா? ஓடினாங்கதானே சார்?